ஊரில்லாத தமிழ்

விளக்கு அணைந்துவிட்டது. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் ஒரு தண்ணீர் பாட்டிலும் குடையும் வீட்டுச் சாவியும் தவிர ஒன்றுமில்லை, ஆனாலும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, முன் இருக்கையின் முதுகைப் பிடித்தால் அதில் உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்ப்பார். பெரம்பூர்ப் பக்கத்தில் இந்தத் தியேட்டருக்கு நான் இதுவரை வந்ததில்லை. என் வீட்டுக்குப் பக்கத்து மாலில் இதே படம் நாலு திரையில் ஓடுகிறது, நாலும் இங்கிலீஷ். தமிழில் பார்க்க வேண்டுமானால் ஊரைக் கடந்து இங்கே வர வேண்டும், தமிழில் பார்க்கிறவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், முதல் நாள் காலைக் காட்சிக்கே பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது, முன் வரிசைகளில் விசில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. பக்கத்து இருக்கைப் பெண் ஜவுளிக்கடைச் சீருடைச் சேலையோடு வந்திருக்கிறாள், மதியம் வேலைக்குப் போக வேண்டும்போல. "இன்னாக்கா, தமிழ்லதான பேசுவாங்க?" என்று கேட்டாள். "போன தபா இங்கிலீஷு படத்துல இட்டாந்து உக்கார வெச்சுட்டாரு இவுரு." அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த புருஷனைத் தோளால் இடித்தாள். அவன் பாப்கார்னிலிருந்து தலையை எடுக்கவில்லை. தமிழ்தான் என்றேன். "நல்லா இருக்குமா?" தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. இந்தப் படத்துக்குத் தமிழ் வசனம் எழுதியவள் நான்தான், திரையில் வாயசைக்கிற ஒவ்வொரு வெள்ளைக்காரனுக்கும் என்ன பேச வேண்டும் என்று முடிவு செய்தவள் நான்தான், ஆனாலும் நல்லா இருக்குமா என்றால் எனக்குத் தெரியாது, ஒரே ஒரு இடம், இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், அந்த இடத்தில் என்ன வரப்போகிறது என்பதே எனக்குத் தெரியாது.

அண்டத்தின் கடைசி வாசல் என்று எழுத்து விழுகிறது, பொன்னிறத்தில், தலைப்பு நான் வைத்ததல்ல. விசில். விண்கலம் ஒன்று மெதுவாகத் திரும்புகிறது. இந்தக் கலத்தை ஒரு நாட்டில் வரைந்து, அதன் நெருப்பை இன்னொரு நாட்டில் மூட்டி, நட்சத்திரங்களை ஹைதராபாத்தில் தூவியிருக்கிறார்கள், இன்றைக்கு ஒரே நாளில் உலகம் பூராவும் இது திரும்பிக்கொண்டிருக்கும், பிரேசிலில் ஒருத்தி, துருக்கியில் ஒருத்தி, என்னைப் போல ஒருத்தி ஒவ்வொரு ஊரிலும் இருட்டில் உட்கார்ந்து கைப்பையை நெரித்துக்கொண்டிருப்பாளோ என்னவோ. என் மகள் நிவேதாவுக்குக் கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டால் அவுச் என்று கத்துகிறாள். அம்மா என்று கத்தவில்லை. வலிக்கும்போது யோசித்தா கத்துகிறோம், யோசிக்காமல் வருகிற சத்தமே மாறிவிட்டது, கார்ட்டூனில் எல்லாக் குழந்தையும் அப்படித்தான் கத்துகிறது. அன்றைக்கு ஐஸ் கட்டியை அவள் விரலில் வைத்துக்கொண்டே நினைத்தேன், இதில் என் பங்கு எவ்வளவு, எத்தனை கார்ட்டூனில் நான் அவுச்சை அவுச்சாகவே விட்டிருக்கிறேன், வாயசைப்புக்குப் பொருந்துகிறது என்று. பொருந்துகிறது என்கிற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எவ்வளவோ செய்தாகிவிட்டது. ஓ கடவுளே என்று எழுதியிருக்கிறேன். நீ நலமாக இருக்கிறாயா என்று ரத்தம் ஒழுகிக்கொண்டிருப்பவனிடம் கேட்க வைத்திருக்கிறேன். இந்த உலகத்தில் எந்தத் தெருவிலும் யாரும் பேசாத ஒரு தமிழை டப்பிங்காரர்கள் நாங்கள் சேர்ந்து செய்து வைத்திருக்கிறோம், விமான நிலையம் மாதிரி ஒரு தமிழ், பளபளவென்று துடைத்து, எந்த ஊர் என்றே தெரியாமல்.

நம்மாட்கள் எடுக்கிற படம் மட்டும் என்ன, அங்கேயும் இப்போது அதே கதைதான். போன வருஷம் ஒரு பெரிய தமிழ்ப் படத்துக்கு வசனம் திருத்தக் கூப்பிட்டார்கள், ஐந்து மொழியில் வரப்போகிறது, கதை ஒரு கிராமத்தில் நடக்கிறது, பேருந்து வந்து நிற்கிற இடத்தில் ஊர்ப்பெயர்ப் பலகை இருக்கிறது, பலகையில் எழுத்து இல்லை. ஏன் என்று கேட்டதற்கு உதவி இயக்குநர் சாதாரணமாகச் சொன்னான், எந்த எழுத்தில் எழுதினாலும் நாலு மாநிலத்துக்காரனுக்கு அது வேற ஊராகிவிடும் மேடம். வெறும் மஞ்சள் பலகை. அதன் கீழே நின்று கதாநாயகன் என் மண் என் மக்கள் என்று பேசினான். எனக்கு அந்தப் பலகை கனவில்கூட வந்தது. இந்தத் திரையில் இப்போது வால்டர் வந்துவிட்டார். கலத்தின் பழைய இன்ஜினியர், நரைத்த தாடி, மகள் மியாவைத் திட்டிக்கொண்டே குழாயை இறுக்குகிறார். குரல் வேதமாணிக்கம் அண்ணாச்சியுடையது. "எத்தனை முறை சொல்வது, அந்த விசையைத் தொடாதே." கணீரென்று, ஒரு எழுத்து பிசகாமல். ஜவுளிக்கடைப் பெண் சிரிக்கிறாள். "எங்க நைனா மாரியே திட்றாரு." நல்லது, சிரி, இப்போது சிரித்தால் பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்துவிடாதே.

அண்ணாச்சி எத்தனையோ வருஷமாக வில்லன்களுக்கும் தளபதிகளுக்கும் வேற்றுக்கிரக மன்னர்களுக்கும் குரல் கொடுத்து வருகிறவர். அவருக்கு நாகர்கோவில் பக்கம் என்று ஸ்டுடியோவில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததே ஒருநாள் காபி கொட்டிக் கையைச் சுட்டுக்கொண்டபோதுதான், அய்யோ பொள்ளிப்போச்சே என்றார், அந்தப் பொள்ளி எனக்குப் போதுமானதாக இருந்தது, நானும் அந்தப் பக்கம்தான், மணக்குடிக்காரி. அண்ணாச்சி நமக்கு எந்தூரு என்றேன், அவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, ராஜாக்கமங்கலம், வெளியே சொல்ல வேண்டாம்மா என்று சுத்தத் தமிழில் சொன்னார். முதன்முதலாகச் சென்னைக்கு வந்தபோது ஒரு ஸ்டுடியோவில் எதையோ கேட்டிருக்கிறார்கள், தெரியாது என்பதற்கு எனக்கு அறிஞ்சூடாது என்றிருக்கிறார், அங்கிருந்த அத்தனை பேரும் சிரித்து, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரித்து, கடைசியில் காமெடியனுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளுக்குக் குரல் கொடுக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நாக்கைக் கழற்றி வைத்தவர்தான். வால்டர் என்கிற இந்த மனிதருக்கு அவரைத்தான் போட வேண்டும் என்று நான் கேட்டபோது எனக்கு அவரை ஊர்ப்பேச்சில் பேசவைக்கிற யோசனை கிடையாது. எனக்கு யோசனை வந்தது அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு. கலம் பாறையில் மோதி இரண்டாகப் பிளக்கிறது, பின்பாதியில் தீ, கதவை அந்தப் பக்கமிருந்துதான் மூட முடியும், வால்டர் அந்தப் பக்கம் நிற்கிறார், மியா இந்தப் பக்கம். கதவுக் கண்ணாடியில் அவர் மூச்சுப் பட்டுப் பாதி உதடு மறைந்திருக்கிறது. ஐ லவ் யூ கிட் என்கிறார். கதவு மூடுகிறது. அவ்வளவுதான். இதற்குத் தமிழில் என்ன எழுத, நான் உன்னை நேசிக்கிறேன் குழந்தாய் என்று எழுதினால் வாய் மூடின பிறகும் வசனம் ஓடிக்கொண்டிருக்கும், அது போகட்டும், எந்த அப்பன் மகளிடம் அப்படிச் சொன்னான், சாகப்போகிறபோதுகூட.

என் அப்பா சூசைமரியான் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தார். லீவு முடிந்து கிளம்பும்போது டாக்ஸியில் உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியை முழுக்க இறக்காமல், வாறேன் மக்கா என்பார். போறேன் என்ற சொல்லே அவர் வாயில் வந்ததில்லை. அங்கிருந்து போன் பேசி முடிக்கும்போதும் வைக்கிறேன் என்று சொல்லமாட்டார், வாறேன் மக்கா. வருவது அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ. நான் சின்னவளாக இருந்தபோது நிஜமாகவே வந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்து ரோட்டுக்கு ஓடியிருக்கிறேன், பிறகு புரிந்தது, அது வருவதைப் பற்றிய பேச்சு இல்லை. இப்போது ஊரோடு வந்துவிட்டார், வலை பின்னுகிற நேரம்போக மீதி நேரமெல்லாம் போனில் கொரியாத் தொடர் பார்க்கிறார், தமிழில் பேசுகிற கொரியாக்காரர்கள், பெரியவர்களைப் பார்த்தால் இடுப்பை வளைத்துக் கும்பிடுகிறார்கள் என்று அவருக்கு அவ்வளவு மரியாதை. "அந்த மாமியார்க்காரிக்கு வசனம் நீயா மக்கா எழுதுன? நம்ம மேரித் தாயி மாதிரியே ஏசுகா கேட்டியா." அது நான் எழுதியதல்ல. ஆனால் உலகம் இந்த வழியாகவும் வருகிறது, மணக்குடி மணலில் ஒரு பழைய படகுக்காரர் சியோலில் நடக்கிற மாமியார் சண்டைக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருக்கிறார், யாரோ எங்கேயோ அந்த மாமியார் வாயில் ஏச்சைச் சரியாக வைத்ததால். சரியாக வைத்தால் போதும். வைக்க விட வேண்டுமே.

ஷர்மிஷ்டா முதலில் விடவில்லை. மும்பையிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருப்பாள், இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் அவள்தான் மேற்பார்வை, அவளுக்கு மேலே அமெரிக்காவில் யாரோ. கெட்டவள் இல்லை. அண்ணாச்சி மூன்று டேக் சுத்தத் தமிழில் அழுதுகொண்டே பேசி முடித்ததும் கைதட்டினாள். நான் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, அப்பாவின் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னேன். அர்த்தத்தையும் விளக்கினேன்.  "பெனிட்டா, ஒப்பந்தத்தில் பொதுத் தமிழ் என்று இருக்கிறது." அது எந்த ஊர்த் தமிழ் என்றேன். "எந்த ஊரும் இல்லாதது. அதனால்தான் எல்லா ஊருக்கும் போகும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "அந்தப் பக்கத்துப் பேச்சு காமெடிக்குத்தானே வரும். நான் விசாரித்தேன். படத்திலேயே எல்லாரும் அழ வேண்டிய இடம் இது. சென்னையில் ஒருவன் சிரித்துவிட்டால் தியேட்டரே சிரித்துவிடும்."  என் பயமும் அதுதான். சிரித்தால் அடுத்த படத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்றேன், வீம்புக்குச் சொல்லிவிட்டேன், அடுத்த படத்துக்குக் கம்ப்யூட்டரே எழுதும், நீங்கள் திருத்தினால் போதும் என்று ஏற்கெனவே அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அது எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எடுங்கள். இரண்டையும் அனுப்புகிறேன். எதை வைப்பார்கள் என்பது என் கையில் இல்லை." அப்புறம்தான் அண்ணாச்சியிடம் போனேன். அவர் மைக்குக்கு முன்னால் அசையாமல் நின்றிருந்தார், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "வேண்டாம்மா" என்றார். அண்ணாச்சி ஒரே ஒரு தடவை என்றேன். "சிரிச்சிருவாவ மக்கா." அதைச் சொன்ன பிறகுதான் என்ன பாஷையில் சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. சவுண்ட் இன்ஜினியரிடம் உள்ளே விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில் நின்று சொன்னார். அழவில்லை. கடைக்குக் கிளம்புகிறவர் மாதிரிச் சொன்னார். வெளியே வந்து தண்ணீர் கேட்டார், பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. கடைசி ஒலிச்சேர்ப்பு எல்லாம் அமெரிக்காவில், படம் வெளியாகிறவரை யாருக்கும் காட்டுவதில்லை, அண்ணாச்சி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்றைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டதற்கு மட்டும், எனக்கு முடியாதும்மா, நீங்கள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். பாறை வந்துவிட்டது. திரை முழுக்கப் பாறை. இருக்கை அதிர்கிறது. பாப்கார்ன்காரன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். கலம் பிளக்கிறது, எவ்வளவு அழகாகப் பிளக்கிறது, முறுக்கை உடைத்த மாதிரி.  சுத்தத் தமிழ் டேக்கை வைத்திருந்தால், வைத்திருப்பார்கள், அதுதான் நடக்கும், நான் உன்னை நேசிக்கிறேன் என்று கணீரென்று வரும், இவர்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள், பழகிவிட்டது, அந்தத் தமிழ் பேசினால் வெள்ளைக்காரன் பேசுகிறான் என்று விட்டுவிடுவார்கள், நான் எழுந்து வீட்டுக்குப் போவேன், நிவேதாவுக்குத் தோசை வார்ப்பேன், ஒன்றும் ஆகிவிடாது. அதுவே நல்லதோ. அதுவே நல்லது என்று ஒரு பக்கம் மனசு கெஞ்சுகிறது, வெட்கமாக இருக்கிறது, ஆனால் கெஞ்சுகிறது. ஏனென்றால் இருட்டில் சொன்னதை வைத்திருந்து, முன் வரிசையில் ஒருத்தன், ஒரே ஒருத்தன், மக்கா என்று இழுத்துப் பழித்துச் சிரித்தால், அண்ணாச்சியிடம் நான் என்ன சொல்வேன், அந்தப் பழைய ஸ்டுடியோவுக்குள் அவரைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினவள் நானாகத்தானே இருப்பேன். வால்டர் ஓடுகிறார். மியா கத்துகிறாள். அப்பா என்று கத்துகிறாள், அது நான் வைத்தது, டாடி என்று விடாமல் அப்பா என்று வைத்தேன், நல்லவேளை, அது பொருந்துகிறது. கதவு. கண்ணாடி. மூச்சு. உதடு பாதி மறைகிறது.

"வாறேன் மக்கா."

கதவு மூடுகிறது. இசை இல்லை. அங்கே இசையை நிறுத்தியிருக்கிறார்கள், அந்த இரண்டு வார்த்தை தனியாக நிற்கிறது, சுவரிலெல்லாம் அண்ணாச்சியின் குரல், மேலே போய்க் கீழே வருகிறது. பின்னாலிருந்து யாரோ ஹ என்கிறார்கள். சிரிப்பு. வந்துவிட்டது. சிரிப்பு வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொள்கிறேன். ஆனால் அது சிரிப்பு இல்லை, இருமல், இருமினவரை யாரோ உஷ் என்று அடக்குகிறார்கள், தியேட்டர் அப்படி அமைதியாக இருக்கிறது, மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. இன்னும் சிரிக்கவில்லை. இன்னும் இல்லை. திரையில் கதவு மட்டும். அப்போதுதான் முன் வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது, குடித்துக் குடித்துக் கரகரத்த ஆம்பிளைக் குரல், யாரிடமும் இல்லை, திரையிடம்தான், பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்கிற மாதிரி.

"போய்ட்டு வா நைனா."

யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கேலிக்குச் சொன்னதல்ல என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாறேன் என்று ஒரு மனுஷன் சொன்னால் போய்ட்டு வா என்று சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விடக்கூடாது, அவருக்கு அது யோசிக்காமல் வந்துவிட்டது. யோசிக்காமல். மக்கா என்ற சொல்லை அவர் வாழ்க்கையில் கேட்டிருக்கமாட்டார், பெரம்பூர்க்காரருக்கு அது எதற்கு, அவர் தன்னிடமிருந்த நைனாவை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஜவுளிக்கடைப் பெண்ணின் புருஷன் அவள் பக்கம் சாய்ந்து, வந்துருவாரா என்று மெதுவாகக் கேட்கிறான். "வரமாட்டாரு" என்கிறாள். "தெரிஞ்சேதான் சொல்றாரு." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொள்கிறாள். நான் மும்பையில் உள்ளவளுக்கு அரைமணி நேரம் விளக்கியதை இவள் மூன்று வார்த்தையில் முடித்துவிட்டாள். யார் வைத்திருப்பார்கள் இதை, ஷர்மிஷ்டா அடியில் ஒரு வரி எழுதி அனுப்பினாளோ, இல்லை அங்கே தமிழே தெரியாத ஒருவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு, அழுகிறதை விட்டுவிட்டு அழாததை எடுத்தானோ. எடுத்த கை எதுவானாலும் நன்றாக இருக்கட்டும். உள்ளுக்குள் என்னவோ எழும்பி வருகிறது, கொடிமரத்தில் கொடி ஏறுகிற மாதிரி கயிறு கயிறாக இழுத்து ஏறுகிறது, அந்த வெறும் மஞ்சள் பலகையில் நானே ஏணி போட்டு ஏறி மணக்குடி என்று எழுதிவிட்டு இறங்கி வந்து நிற்கிறேன், பெரம்பூர்க்காரர் அண்ணாந்து பார்த்து இறங்கும்மா பாத்து என்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது. எல்லாரும் அழுகிற இடத்தில் படத்துக்கு வசனம் எழுதியவள் ஒருத்திதான் சிரித்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்துப் பெண் என்னைப் பார்த்து இவள் என்ன கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பாள்.

இடைவேளை. விளக்கு வந்ததும் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். முன் வரிசையில் அந்த மனிதர் யார் என்று தேடினேன், நாலைந்து பேர் சமோசாவுக்குப் போகிறார்கள், அதில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். வெளியே போஸ்டருக்குப் பக்கத்தில் நின்று அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார். "சொல்லுங்கம்மா" என்றார், அந்தத் தளபதிக் குரலில். அண்ணாச்சி, வச்சிருக்காவ என்றேன்.   அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசில் கேட்டது.

"எந்த டேக்கு?"

"ஓம்ம டேக்குதான் அண்ணாச்சி. இருட்டுல நின்னு சொன்னேருல்லா, அது."

 பிறகு அவர் கேட்டார், மெதுவாக, இவ்வளவு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்கிற மாதிரி.

"சிரிச்சாவளா மக்கா?"

"இல்ல அண்ணாச்சி" என்றேன். "பதில் சொன்னாவ."